கல்லூரி ரிசீவரை எடைபோடுவது எப்படி? டிராஃப்ட் காலத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மார்ச் பிறந்தால் போதும், அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் நண்பர்களும் உறவினர்களும் கல்லூரி ரிசீவர்களைப் பற்றி, அதாவது எறியும் பந்தைப் பிடிக்கும் வீரர்களைப் பற்றி, ஒரே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் பயிற்சியாளனும் இல்லை, ஸ்கௌட்டும் இல்லை. ஓஹையோவில் குடியேறிய நாளிலிருந்து சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் ஆட்டம் என்று பார்த்துப் பழகி, பிறகு ஒவ்வொரு ஆட்டத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வியாதி தொற்றிக்கொண்டவன், அவ்வளவுதான். கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன். முன்னால் சொன்னதை மறுபடி சொல்லவில்லை. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரியா?

ஏலம் கிடையாது, கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் வரிசை. 32 அணிகள், 7 சுற்றுகள், ஏப்ரல் கடைசியில் மூன்று நாள். போன பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. இறுதியாட்டமான சூப்பர் பவுலை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி இடம். தன் இடத்தை ஓர் அணி இன்னோர் அணிக்குக் கொடுத்து வேறு இடங்களை வாங்கிக்கொள்ளலாம். பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆனவர்களே தகுதி பெறுவார்கள் என்பதால், வருகிறவர்களில் பெரும்பாலோர் 21, 22 வயதுப் பையன்கள்.

அதற்கு முன் ஒரு சடங்கு வரிசை உண்டு. குளிர்காலக் கடைசியில் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் சீனியர் பவுல் என்ற தேர்ந்த கல்லூரி வீரர்களின் காட்சி ஆட்டம், பிப்ரவரி இறுதியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற உடல்திறன் சோதனை முகாம், மார்ச்சில் அவரவர் கல்லூரியில் ப்ரோ டே என்ற சோதனை நாள். இவை எல்லாவற்றிலும் சேர்த்துத் தெரிவதைவிட, முந்தைய இலையுதிர்காலத்து ஆட்டங்களில் தெரிவதுதான் அதிகம் என்பது என் கட்சி.

வைட் ரிசீவரின் வேலை பந்தைப் பிடிப்பதுதானே? இதில் ஆராய என்ன இருக்கிறது?

பிடிப்பது கடைசி அரை விநாடி. அதற்கு முன்னால் இரண்டரை விநாடி இருக்கிறது. அந்த நேரத்தில் தன்னைத் தடுக்க எதிரே நிற்கும் கார்னர்பேக்கிடமிருந்து விலகி, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் எதிர்பார்க்கும் இடத்துக்கு, எதிர்பார்க்கும் கணத்தில் போய்ச் சேர வேண்டும். பல சமயம் ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து கையைவிட்டுக் கிளம்பியிருக்கும். ஒரு முழம் இடைவெளி கிடைத்தால் என்எஃப்எல்லில் அது பெரிய இடைவெளி.

கல்லூரியில் அந்த இடைவெளி பல வழிகளில் கிடைக்கும். எதிராளி பலவீனமாக இருக்கலாம், பயிற்சியாளரின் திட்டம் அருமையாக இருக்கலாம், பக்கத்தில் ஆடும் இன்னொரு ரிசீவரைக் கவனிக்கப் போய் இவரை விட்டிருக்கலாம். இவராகச் சம்பாதித்த இடைவெளி எவ்வளவு, பிறர் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலை முழுவதும். கீழே வரும் பதில்களெல்லாம் இதைச் சுற்றித்தான்.

மாமா, ஹைலைட்ஸ் பார்த்தாலே தெரிகிறதே யார் பெரிய ஆள் என்று?

அக்கா மகனின் கேள்வி. ஹைலைட்ஸ் கல்யாண ஆல்பம் மாதிரி. அதில் யாரும் சண்டை போட்டுக்கொள்வதில்லை. ஒரு முழு ஆட்டத்தை எடுத்துக்கொள், பந்து அவரிடம் வராத தருணங்களைப் பார். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடும் என்பதால் ரிசீவர் படத்தைவிட்டு மறைந்துவிடுவார்; ரீப்ளேயிலும் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சிகளிலும் கிடைப்பதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் கிளம்பும் கணம். கார்னர்பேக் ஒரு கை தூரத்தில் வந்து நின்று மார்பில் கைவைத்துத் தடுப்பதற்குப் பிரெஸ் என்று பெயர். அதிலிருந்து கழன்று போவது ரிலீஸ். அங்கே படத்தை நிறுத்திக் காலைப் பார். தேறாதவர் கிளம்பும்போதே முன்காலைப் பின்னால் இழுத்து வைப்பார். ஓட்டம் தொடங்குவதற்குள் அரையடி நஷ்டம். தேர்ந்தவரின் எடை முன்காலில் இருக்கும். உள்பக்கமாக ஒரு சின்னக் குதி. கார்னர்பேக்கின் இடுப்பு அந்தப் பக்கம் திரும்புகிறது. அதே மூச்சில் நீண்டு வரும் கையைத் தட்டிவிட்டு, தோளைச் சாய்த்து வெளிப்பக்கம் நுழைந்துவிடுகிறார். நிமிர்ந்த மார்பு தள்ளுவதற்கு வாகாக இருக்கும். சாய்ந்த தோள் நழுவிவிடும். இவ்வளவும் ஒரு விநாடிக்குள்.

அடுத்தது திரும்பும் இடம். முழு வேகத்தில் பன்னிரண்டு யார்டு ஓடி, சட்டென்று நின்று ஓரக்கோட்டுப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள். நிற்பதற்கு எத்தனை எட்டு எடுக்கிறார் என்று எண்ணு. ஆறேழு பொடி எட்டுகள் வைத்து, உடல் நிமிர்ந்து, கையை வீசுவதை நிறுத்தினால், கார்னர்பேக்குக்குத் தந்தி அடித்த மாதிரி. இரண்டு மூன்று எட்டில் இடுப்பைத் தாழ்த்தித் திரும்புகிறவருக்குத்தான் மேலே சொன்ன ஒரு முழம் கிடைக்கிறது. பையன்கள் கையைப் பார்க்கிறார்கள். நான் முதல் இரண்டு முறை இடுப்புக்குக் கீழே மட்டும்தான் பார்ப்பேன்.

4.3 விநாடி ஓடுகிறவனை விட்டுவிட்டு 4.5 ஓடுகிறவனை எந்த மடையன் எடுப்பான்?

நாற்பது யார்டு ஓட்டத்தின் வரலாறு இந்தக் கேள்வியை அடிக்கடி அவமானப்படுத்தியிருக்கிறது. 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜான் ராஸ் 4.22 விநாடியில் ஓடி அப்போதைய கம்பைன் சாதனை படைத்தார். சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை 9வது இடத்தில் எடுத்தது. முதல் பருவம் முழுவதும் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. காயங்கள் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2009இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ், 4.30 ஓடிய டேரியஸ் ஹேவர்ட்-பேயை 7வதாக எடுத்தது. கால் எலும்பில் விரிசல் என்று ஓடவே முடியாமலிருந்த மைக்கேல் கிராப்ட்ரீ 10வதாகப் போனார். பந்து பிடித்து ஆயிரம் யார்டு முன்னேறிய பருவங்கள் கிராப்ட்ரீக்குத்தான் அமைந்தன. ஹேவர்ட்-பேய் ஒருமுறைகூட அதைத் தொடவில்லை.

மறுபக்கம் பாருங்கள். அன்குவான் போல்டின் 2003இல் 4.7க்கு மேல் ஓடியதால் 54வது இடம் வரை சரிந்தார். முதல் ஆட்டத்திலேயே டெட்ராய்ட்டுக்கு எதிராக 217 யார்டு. அந்தப் பருவத்தில் 101 பந்துகளைப் பிடித்தார். கூப்பர் கப் 4.62, 2021இல் 145 பிடிப்பு, 1,947 யார்டு, கையோடு சூப்பர் பவுல் ஆட்டநாயகன் விருது.

வேகம் பயனற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. 4.3 ஓடுகிறவருக்குப் பயந்து கார்னர்பேக் எட்டு யார்டு தள்ளி நிற்பார். அந்த மரியாதையே ஓர் இடைவெளிதான். ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்த, நிற்கவும் திரும்பவும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டத்தில் யாரும் நாற்பது யார்டு நேர்கோட்டில் தடையில்லாமல் ஓடுவதில்லை. முதல் பத்து யார்டுக்கு எடுத்த நேரத்தைத் தனியாகக் குறித்துத் தருவார்கள். நான் பார்ப்பது அதைத்தான்.

அப்படியானால் கம்பைன் வெறும் திருவிழாதானா?

300க்கும் மேற்பட்ட வீரர்களை 32 அணிகளின் மருத்துவர்களும் ஒரே இடத்தில் பரிசோதிக்கிறார்கள். அணிகளுக்கு முதல் காரியம் அதுதான், தொலைக்காட்சியில் வராது. மற்றபடி, கண்ணால் பார்த்ததை அளவுகளோடு ஒத்துப்பார்க்கக் கம்பைன் உதவும். ஆட்டத்தில் வேகமாகத் தெரிந்தவர் அங்கே 4.6 ஓடினால், கம்பைன் பொய் என்று சொல்வதற்கு முன் மறுபடி ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்: ஒருவேளை எதிராளிகள் மெதுவானவர்களோ?

அளவுகளை எப்படிப் படிக்கக்கூடாது என்பதற்கு டீகே மெட்கேஃப். 2019இல் 228 பவுண்டு உடம்போடு 4.33 ஓடினார். ஆனால் மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனையில் 7.38. அசைவுக்குப் பெயர்போகாத குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000இல் அதையே 7.20இல் முடித்திருந்தார். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். அதற்கு முந்தைய பருவத்தில் கழுத்தில் காயம் வேறு. ஒன்பதாவது ரிசீவராக, 64வது இடத்தில் சியாட்டில் எடுத்தது. ஏழு இடங்களுக்கு முன்னால் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் வேறொரு ரிசீவரை எடுத்திருந்தது. அந்தப் பருவத்தின் பிளேஆஃபில் அதே ஈகிள்ஸுக்கு எதிராக மெட்கேஃப் 160 யார்டு எடுத்தார். வளைந்து ஓடத் தெரியாதவரை வளைந்து ஓடச் சொல்லாமல், நேராகவும் சாய்வாகவும் ஓடவிட்டது சியாட்டில். ஒருவரால் முடியாததை அந்தச் சோதனை சரியாகவே காட்டியது. அவரிடம் அதைக் கேட்கத் தேவையில்லை என்பதைக் காட்ட அதற்கு வழியில்லை.

ரூட் மரம், 9ஆம் ரூட், 2ஆம் ரூட் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

ரிசீவர் ஓட வேண்டிய பாதைகளுக்கு 0 முதல் 9 வரை எண் போட்டிருக்கிறார்கள். வரைந்தால் கிளை விட்ட மரம் போலிருக்கும். ஒற்றைப்படை எண்கள் பெரும்பாலும் ஓரக்கோட்டுப் பக்கம், இரட்டைப்படை எண்கள் மைதானத்தின் நடுப்பக்கம். 2 என்றால் ஸ்லான்ட்: மூன்று எட்டு வைத்துச் சாய்வாக உள்ளே. 9 என்றால் நேராக ஓடிக்கொண்டே இருப்பது. எண் கூடக் கூடத் தூரம் கூடும்.

சில கல்லூரிகளில் நான்கைந்து கிளையோடு மரம் முடிந்துவிடும். அங்கே ஒருவர் 1,300 யார்டு எடுத்திருந்தாலும், எடுக்காத கிளைகளைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. முடியாதவரா, கேட்கப்படாதவரா? சீனியர் பவுல் பயிற்சியில் ஒருவருக்கு ஒருவர் மோதும் பகுதியை நான் தவறவிடாமல் பார்ப்பது இதற்காகத்தான்; கல்லூரியில் ஓடாத ரூட்டை அங்கே ஓட வைப்பார்கள்.

ஸ்லாட்டில் ஆடியவரை வெளியே நிற்க வைத்தால் தடுமாறுவார் என்கிறார்களே?

ஓரக்கோட்டுக்கு அருகில் நிற்பவர் வெளி ரிசீவர். அவருக்கும் நடுவில் நிற்கும் கனத்த தடுப்பாளர்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் நிற்பவர் ஸ்லாட். ஸ்லாட்டில் இரண்டு பக்கமும் ஓட இடமிருக்கும், பிரெஸ் குறைவு. அதனால் அங்கே குவித்த யார்டுகளைச் சற்றுத் தள்ளுபடி செய்து பார்ப்பது வழக்கம். தள்ளுபடி நியாயமானதுதான், அதை அளவு மீறிச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 இருக்கிறது.

அந்த டிராஃப்டில் ஹென்றி ரக்ஸ் 12, ஜெர்ரி ஜூடி 15, சீடீ லாம்ப் 17. இருபத்தொன்றாவது இடத்தில் மறுபடியும் ஈகிள்ஸ். டெக்சஸ் கிறிஸ்டியனின் ஜெய்லன் ரேகோரை எடுத்தது. அடுத்த இடத்தில் மின்னசோட்டா எடுத்தது ஜஸ்டின் ஜெஃபர்சனை. 2019இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 111 பிடிப்பு, 1,540 யார்டு, 18 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஆறு புள்ளி). ஓக்லஹோமாவுக்கு எதிரான அரையிறுதியில் முதல் பாதியிலேயே நான்கு டச்டவுன். ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஸ்லாட்டிலிருந்து. எறிந்தவர் ஜோ பரோ, மறுபக்கம் நின்றவர் ஜமார் சேஸ், இருவரும் நட்சத்திரங்கள். ‘இவர் சூழ்நிலையால் உயர்ந்தவர்’ என்று முத்திரை விழுந்தது. வெளியே ஆடிய முதல் என்எஃப்எல் பருவத்தில் 1,400 யார்டு.

தவறு எங்கே? ஜெஃபர்சன் 2018இல் அதே கல்லூரியில் வெளி ரிசீவராக ஆடி 875 யார்டு எடுத்திருந்தார். தாக்குதல் திட்டமே சுமாராக இருந்த ஆண்டு அது. ஆதாரம் கண்முன் இருந்தது, ஒரு வருடம் பழையதாக. அன்று முதல் யாரை ஆராய்ந்தாலும் கடைசிப் பருவத்துக்கு முந்தைய பருவத்தையும் பார்த்துவிடுகிறேன். பின்குறிப்பு: 2022இல் ஈகிள்ஸ் ரேகோரை வேறு அணிக்கு அனுப்பியது. எந்த அணிக்கு? மின்னசோட்டாவுக்கு.

1,500 யார்டு எடுத்தவன் 900 யார்டு எடுத்தவனைவிட மேல்தானே? எண் பொய் சொல்லாதே?

எண் பொய் சொல்லாது, பாதிதான் சொல்லும். ஒரு கல்லூரி மொத்தமாக 5,000 யார்டு எறிந்ததில் 1,500 என்றால் 30 சதவீதம். 2,400 யார்டு மட்டுமே எறிந்த கல்லூரியில் 900 என்றால் 37.5 சதவீதம். டச்டவுனிலும் இதே பங்கைக் கணக்கிட்டு, இரண்டுக்கும் சராசரி எடுப்பதை டாமினேட்டர் என்று சொல்கிறார்கள். அந்தப் பங்கு முதன்முதலில் 20 சதவீதத்தைத் தாண்டியபோது அவருக்கு என்ன வயது என்பது பிரேக்அவுட் வயது. சிலர் 30 சதவீதம் என்று கோட்டை உயர்த்திக்கொள்கிறார்கள். 19 வயதில் தாண்டியவரும் 23 வயதில் தாண்டியவரும் ஒன்றல்ல. கோவிட் ஆண்டு கணக்கில் சேராது என்று கல்லூரி வீரர்களுக்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கொடுத்தபின், 24 வயது ஆள் 19 வயதுக் கார்னர்பேக்கைப் புரட்டி எடுக்கும் காட்சிகள் நிறைய வந்தன. பிறந்த தேதியைப் பார்க்காமல் அதைப் பார்த்து மயங்காதீர்கள்.

இன்னும் நேர்மையான எண், ஓடிய ரூட் ஒவ்வொன்றுக்கும் எத்தனை யார்டு என்பது. 400 ரூட் ஓடி 1,000 யார்டு எடுத்தவருக்கு 2.5. காயத்தால் பாதிப் பருவம் உட்கார்ந்தவரையும் இதில் ஒப்பிடலாம். ஆனாலும் மேலே ஜெஃபர்சன் கதையில் சொன்ன கேள்வி இங்கேயும் நிற்கிறது: பக்கத்தில் யார் ஆடினார்கள்? சேஸ் பக்கத்தில் இருக்கும்போது 30 சதவீதம் எடுப்பதும் யாருமில்லாத அணியில் 30 சதவீதம் எடுப்பதும் ஒன்றா?

கேட்ச் விடுகிறவனை எப்படி எடுப்பது?

எப்படி விடுகிறார் என்று பார்த்து. பிடிப்பதற்கு முன்பே அடுத்த ஓட்டத்துக்குத் தலையைத் திருப்பி விடுவது கவனக் குறைவு, பயிற்சியில் சரியாகும். பந்தைக் கையால் எடுக்காமல் மார்போடு அணைப்பதே வழக்கமாக இருந்தால் கவலைப்படுவேன், ஏனென்றால் என்எஃப்எல்லில் அந்த இடைவெளிக்குள் இன்னொருவர் கை வந்துவிடும்.

2021இல் ஜமார் சேஸ் முன்பருவ ஆட்டங்களில் பந்துகளை விட்டுக்கொண்டே இருந்தார். கல்லூரிப் பந்தில் வெள்ளைப் பட்டைகள் உண்டு, தொழில்முறைப் பந்தில் இல்லை, அதனால் பந்து வருவதைக் கண் பிடிப்பது கடினமாக இருக்கிறது என்று அவரே சொன்னார். கேலி செய்தவர்கள் ஏராளம். பருவம் முடிந்தபோது 1,455 யார்டு. கை அகலம் எத்தனை அங்குலம் என்ற விவாதத்தை நான் படிப்பதே இல்லை.

அண்ணா, 165 பவுண்டு இருக்கிறவன் அங்கே போனால் நசுங்கிவிட மாட்டானா?

டெவான்டா ஸ்மித்துக்கும் இதே கேள்விதான். 2020இல் அலபாமாவுக்காக 1,856 யார்டு, 23 டச்டவுன். கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்குத் தரும், ரிசீவர்களுக்கு அபூர்வமாகவே கிடைக்கும் ஹைஸ்மன் கோப்பை. எடை 166 பவுண்டு, அதாவது 75 கிலோ. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ரிசீவர் விஷயத்தில் சூடு பட்ட அதே ஈகிள்ஸ், இந்த முறை 12வது இடத்திலிருந்து 10க்கு முன்னேறி வந்து அவரை எடுத்தது. 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் 46 யார்டு டச்டவுன் பிடித்தது அவர்தான்.

மெலிந்தவரைப் பற்றி எடை மேடை ஒன்றும் சொல்லாது. பிரெஸ்ஸைப் பற்றி மேலே சொன்ன இடத்துக்குப் போங்கள்: அவர் மீது கை விழுகிறதா? விழாதவருக்கு உடம்பு ஏன்? ஸ்மித் மீது அலபாமாவில் கை விழுவதே அரிது. 2024இல் 4.21 ஓடி ராஸின் சாதனையை உடைத்த சேவியர் வர்த்தியும் 165 பவுண்டுதான். கான்சஸ் சிட்டி 28வதாக எடுத்தது.

சின்னக் கல்லூரி வீரர்களை நம்பலாமா?

ஜெர்ரி ரைஸ் வந்தது மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறு கல்லூரியிலிருந்து. 1985இல் 16வது இடம். அவருக்கு முன்னால் இரண்டு ரிசீவர்கள் போனார்கள். ஓய்வுபெறும்போது 22,895 யார்டு. கூப்பர் கப் கிழக்கு வாஷிங்டன், 69வது இடம்.

சின்னக் கல்லூரி வீரரிடம் நான் கேட்பது ஆதிக்கம். அங்கே சுமாராக ஆடியவர் மேலே போய் நன்றாக ஆடுவார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. பெரிய கல்லூரிக்கு எதிராக ஆடிய ஒன்றிரண்டு ஆட்டங்கள் எப்போதும் இருக்கும். முதலில் அவற்றைத் தேடுங்கள். இப்போது டிரான்ஸ்பர் போர்ட்டல் வந்துவிட்டதால், சின்ன இடத்தில் மின்னுகிறவர்கள் பலர் கடைசி ஆண்டுக்குள் பெரிய கல்லூரிக்கு மாறிவிடுகிறார்கள்.

கல்லூரியிலும் என்எஃப்எல்லிலும் ஒரே ஆட்டம்தானே, ஒரே விதிகள்தானே?

மூன்று வித்தியாசங்கள் ரிசீவரை நேரடியாகத் தொடும். கல்லூரியில் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் பிடிப்பு செல்லும். என்எஃப்எல்லில் இரண்டு கால் வேண்டும். ஓரக்கோட்டில் அற்புதமாகப் பிடித்த காட்சியைப் பார்த்தால் இரண்டாவது கால் எங்கே என்று பாருங்கள். விதி கேட்காதபோதும் இரண்டு காலையும் இழுத்து உள்ளே வைப்பவர் ஏற்கெனவே மேலே ஆடத் தயாராகிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, என்எஃப்எல்லில் ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தொட்டுத் தடுத்தால் தண்டனை. கல்லூரியில் பந்து காற்றில் ஏறும்வரை தடுப்பதற்கு அதிக இடமுண்டு. இது ரிசீவருக்கு மேலே கிடைக்கும் சலுகை, மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது யாரும் பேசாதது. ஆட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று காட்டும் உள்கோடுகளுக்கு இடையே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18½ அடி. 160 அடி அகல மைதானத்தில் பந்து ஒரு கோட்டில் இருந்தால், கல்லூரியில் ஒரு பக்கம் 100 அடி வெட்டவெளி, மறுபக்கம் 60 அடி. ஒரு ரிசீவர் எப்போதும் அந்த வெட்டவெளிப் பக்கம் நின்றே யார்டு குவித்திருந்தால், மேலே போனதும் அந்தப் புல்வெளி சுருங்கிவிடும். குறுகிய பக்கம் நின்று ஆடியவரின் 800 யார்டு எனக்கு அதைவிட இனிக்கும்.

கம்பைனுக்கே வராதவனை, கடைசிப் பருவமே ஆடாதவனை எப்படி மதிப்பிடுவது?

இருக்கும் ஆட்டங்களை வைத்து. சேஸ் 2020 பருவம் முழுவதும் ஆடவில்லை. 2019இல் 1,780 யார்டு, 20 டச்டவுன் எடுத்தது போதும் என்று 5வதாக எடுத்தார்கள். மார்வின் ஹாரிசன் ஜூனியர் 2024இல் கம்பைனில் ஓடவேயில்லை, 4வது இடம். மூன்று பருவ ஆட்டம் கையில் இருக்கும்போது ஓடாததைப் பெரிய குற்றமாக நினைக்கத் தேவையில்லை. சந்தேகம் இருக்கும் வீரர் ஓடாமல் ஒளிந்தால் அது வேறு விஷயம்.

பிளாக்கிங் எல்லாம் பார்க்க வேண்டுமா?

எதிராளியை மறித்துப் பந்து வைத்திருக்கும் தன் அணிக்காரருக்கு வழி உண்டாக்குவதுதான் பிளாக்கிங். பாருங்கள். பந்து தனக்கு வராது என்று தெரிந்த பிறகு ஒருவர் என்ன செய்கிறார் என்பதை வேறெங்கும் பார்க்க முடியாது.

கோடிக்கணக்கில் செலவு செய்து ஆராயும் அணிகளே தவறும்போது நீங்கள் எதற்கு மெனக்கெடுகிறீர்கள்?

தவறுகிறார்கள்தான். 2016இல் முதல் சுற்றில் நான்கு ரிசீவர்கள் போனார்கள். நால்வரில் ஒருவர்கூட ஒரு பருவத்தில் ஆயிரம் யார்டைத் தொடவில்லை. 47வதாகப் போன மைக்கேல் தாமஸ் 2019இல் 149 பந்து பிடித்துச் சாதனை படைத்தார். 2023இல் 177வது இடம் வரை யாரும் சீண்டாத பூக்கா நக்குவா முதல் பருவத்தில் 1,486 யார்டு எடுத்தார். புதுமுக ரிசீவர்களில் யாரும் அதுவரை எடுத்ததில்லை. ஆமன்-ரா செயின்ட் பிரவுன் 112வது இடத்தில் போனார். தனக்கு முன் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் வரிசையாக ஒப்பிப்பார்.

ஆனால் தவறு எப்போதும் கண்ணில் இருப்பதில்லை. கப், நக்குவா இருவரையும் எடுத்தது ராம்ஸ். இரண்டு பேரையும் கூட்டத்துக்கு நடுவில் நிற்க வைத்து, பிளாக் செய்ய வைத்து, ஓடியபடியே கிளம்ப விடும் திட்டம் அங்கே இருந்தது. அதே ஆள் வேறு அணியில் பிரெஸ்ஸுக்கு முன்னால் தனியாக நிறுத்தப்பட்டிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கிறேன். ‘நல்ல ரிசீவரா’ என்ற கேள்விக்குப் பின்னால் ‘எங்கே, எதற்கு’ என்று சேர்க்காமல் என்னால் இப்போது பதில் சொல்ல முடிவதில்லை.

நீங்கள் எப்போதாவது சரியாகச் சொல்லியிருக்கிறீர்களா?

கேட்ட தொனி பிடிக்கவில்லை என்றாலும் கேள்வி நியாயமானது. 2014 முதல் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறேன். 2020 பக்கத்தில் ஜெஃபர்சன் ஐந்தாமிடம்; பக்கத்தில் ‘ஸ்லாட் மட்டும்’ என்று அடிக்கோடு வேறு. மெட்கேஃபுக்கு நேரே ‘திரும்பத் தெரியாது’. சரியானவையும் உண்டு, ஆனால் அந்தப் பக்கங்கள் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை.

இந்த வருடம் நானும் முயலப்போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு ரிசீவர். அவர் அணி தோற்ற ஓர் ஆட்டம், முடிந்தால் நல்ல கார்னர்பேக் எதிரே நின்ற ஆட்டம். ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் குறியுங்கள்: எங்கே நின்றார், எதிராளி எவ்வளவு தள்ளி நின்றார், எந்த ரூட், திரும்பும்போது இடைவெளி இருந்ததா. பந்து வந்ததா என்பதைக் கடைசியாக, வேறு மையில் எழுதுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அக்கா மகன் போன மாதம் இப்படி ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்து 58 வரி எழுதி அனுப்பினான். ஹைலைட்ஸில் அவன் கொண்டாடிய அதே வீரர். பாதி வரிகளுக்கு எதிரே ‘கார்னர்பேக் எட்டு யார்டு தள்ளி’ என்றிருந்தது. பிரெஸ் வந்தது ஆறே ஆறு முறை. அந்த ஆறில் நான்குக்கு நேரே, வேறு மையில், ‘பந்து வரவில்லை’. கடைசியில் ஒரு கேள்வி: ‘மாமா, இவருடைய முந்தின வருட ஆட்டம் எங்கே கிடைக்கும்?’